விசாவுக்குப் போதும், அப்பாவுக்குப் போதுமா?

கேள்வி: அப்பாவுக்கு 67 வயது, சர்க்கரை, பிரஷர் இரண்டும் உண்டு. குடும்பத்தோடு பாரிஸும் சுவிட்சர்லாந்தும் போகிறோம். விசாவுக்கென்று மலிவான இன்ஷூரன்ஸ் ஒன்றை ஏஜென்ட் எடுத்துத் தருகிறேன் என்கிறார். எடுக்கலாமா?
– வாசகி, திருச்சி

பதில்: விசாவுக்கு அது போதும். அப்பாவுக்குப் போதாது என்றே சொல்வேன். இந்தப் பயணத்துக்கான ஷெங்கன் விசா விதி கேட்கும் 30,000 யூரோ காப்பீடு என்பது குறைந்தபட்சத் தொகை. சுவிட்சர்லாந்தில் மருத்துவச் செலவு மிக அதிகம். மாரடைப்பு வந்து தீவிர சிகிச்சைப் பிரிவில் சில நாள் படுத்தால் அந்தத் தொகை கரைந்துவிடலாம். 1 லட்சம் டாலருக்குக் குறையாத பாலிசியாகப் பாருங்கள். பிரீமியம் அதே விகிதத்தில் ஏறுவதில்லை.

அதைவிட முக்கியம், சர்க்கரையையும் பிரஷரையும் விண்ணப்பத்தில் எழுதுவது. பிரீமியம் கூடுமே என்று ஏஜென்ட் அந்த இடத்தைக் காலியாக விடச் சொன்னால் தயவுசெய்து சம்மதிக்காதீர்கள். அங்கே டாக்டர் கேட்கும் முதல் கேள்வியே பழைய நோய்கள் பற்றித்தான். அது கேஸ் ஷீட்டில் ஏறும், கிளெய்ம் நிராகரிக்கப்படலாம். எழுதிவிட்டாலும் வேலை முடிந்துவிடாது. ஏற்கெனவே உள்ள நோய்க்கு உயிராபத்து நிலையில் மட்டும் பணம் தரும் பாலிசிகள் உண்டு, அறவே தராதவையும் உண்டு. உங்களுடையது எந்த வகை என்று கம்பெனியிடமே மின்னஞ்சலில் கேட்டுப் பதில் வாங்குங்கள்.

பெட்டி தொலைவது, விமானத் தாமதம் போன்றவற்றுக்கான தொகையைப் பார்த்துப் பாலிசியைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். விமானம் தள்ளிப்போகலாம் என்பதால் திரும்பும் தேதிக்குப் பிறகும் இரண்டு நாள் சேர்த்து எடுங்கள். கம்பெனியின் 24 மணி நேர உதவி எண் எல்லோர் போனிலும் இருக்கட்டும். ஆஸ்பத்திரியில் சேர்த்தால் உடனே அவர்களுக்குச் சொல்ல வேண்டும்.