முகத்தில் வளரும் முடி: முறையைத் தேர்வதற்கு முன்

பெண்களின் மேலுதட்டிலும் முகவாயிலும் தாடை ஓரத்திலும் முடி வளர்வது அரிய நிகழ்வன்று. ஆயினும் அதைப் பற்றி வாய்விட்டுப் பேசுவோர் குறைவு. எங்கள் தோல் மருத்துவப் பிரிவுக்கு வருவோரில் பலர் வேறொரு தொல்லையைச் சொல்லிவிட்டு, எழுந்து செல்லும் நேரத்தில்தான் தயங்கியபடி முகவாயைத் தொட்டுக் காட்டுகின்றனர். அதற்குள் கிரீம்களுக்கும் அழகு நிலையங்களுக்கும் கணிசமான பணம் செலவாகியிருக்கும். "எந்த முறை நல்லது?" என்பதே அவர்களுடைய கேள்வி. அதற்கு விடை கூறுமுன் நாங்கள் கேட்பது வேறு: "இம்முடி ஏன் வளர்கிறது?"

முதலில் காரணம்

மென்மையாகவும் நிறம் குன்றியும் இருக்கும் பூனைமுடி எல்லாப் பெண்களுக்கும் உண்டு, அது நோயன்று. ஆண்களுக்கு மீசையும் தாடியும் வளரும் இடங்களில் தடித்த, கருத்த முடி தோன்றினால் ஆண்ட்ரோஜன் எனப்படும் ஹார்மோன்கள் மிகுந்திருக்கலாம். அல்லது அவற்றின் அளவு இயல்பாக இருந்தும் முடிவேர்கள் மிகையாகத் தூண்டப்படலாம். இதற்குப் பெரும்பாலும் காரணமாக அமைவது பி.சி.ஓ.எஸ். எனப்படும் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை. மாதவிடாய் தள்ளிப்போதல், எடை கூடுதல், ஓயாத முகப்பரு, உச்சந்தலையில் முடி மெலிதல் ஆகியவை உடனிருந்தால் இரத்தப் பரிசோதனை அவசியம். பி.சி.ஓ.எஸ். உள்ளவர்களுக்கு நீரிழிவு வரும் வாய்ப்பும் மிகுதி. ஆதலால் இப்பரிசோதனை முகத்துக்காக மட்டும் செய்யப்படுவதன்று.

மருந்துகளும் முடியை வளர்க்கக்கூடும். முகம் சிவப்பாகும் என்று நம்பி மருத்துவர் சீட்டின்றி வாங்கிப் பூசும் கிரீம்கள் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து, சிவந்து, முடியும் முளைக்கும். தலைமுடி உதிர்வுக்குப் பூசும் மினாக்ஸிடில் நெற்றியிலும் கன்னத்திலும் வழிந்தால் அங்கும் முடி வளரலாம். வலிப்புக்குத் தரப்படும் ஃபெனிடோயின் மாத்திரைக்கும் இவ்விளைவு உண்டு. எந்த மருந்தையும் தாமாகவே நிறுத்த வேண்டா. மாத்திரை உறைகளையும் கிரீம் குழாய்களையும் எடுத்து வந்து எங்களிடம் காட்டுங்கள்.

ஓர் எச்சரிக்கை: சில மாதங்களுக்குள் முடி வேகமாகப் பெருகினாலோ, குரல் தடித்தாலோ, மாதவிடாய் முற்றிலும் நின்ற வயதில் புதிதாக முடி கருத்து வளர்ந்தாலோ காலம் தாழ்த்தாமல் மருத்துவரைப் பாருங்கள். அரிதாகச் சினைப்பையிலோ அட்ரீனல் சுரப்பியிலோ கட்டி இருப்பதன் அறிகுறியாக அது அமையலாம்.

வீட்டிலும் அழகு நிலையத்திலும்

மழித்தல்: "சவரம் செய்தால் முடி அடர்ந்து வளரும்" என்னும் அச்சம் பரவலாக உள்ளது. அது உண்மையன்று என்று அமெரிக்க உடற்கூற்றியல் அறிஞர் மில்ட்ரெட் ட்ராட்டர் 1928-இலேயே ஆய்ந்து வெளியிட்டார். கூரான நுனி மழுங்கலாக வெட்டப்படுவதால் வளரும்போது சொரசொரப்பாகத் தோன்றுகிறது. வேரில் எம்மாற்றமும் இல்லை. வலியற்ற, செலவு குறைந்த முறை இதுவே.

திரெட்டிங், வேக்ஸிங்: முடி வேரோடு வருவதால் சில வாரங்கள் முகம் தெளிவாக இருக்கும். ஆனால் நம்மைப் போன்ற மாநிறத் தோலில் முடிவேர் அழற்சியும், அது ஆறியபின் கரும்புள்ளியும் எளிதில் உண்டாகும். நூலின் முனையைப் பல்லால் கடித்துப் பிடிக்காமல் கழுத்தில் மாட்டிச் செய்யும்படி கேளுங்கள். முகப்பருவுக்கு ஐசோட்ரெடினாயின் மாத்திரை உட்கொள்வோரும் ரெடினாயிடு கிரீம் பூசுவோரும் வேக்ஸிங்கைத் தவிர்க்க வேண்டும். தோலே உரிந்து வந்துவிடலாம்.

முடி நீக்கும் கிரீம், பிளீச்: முன்னது முடியைக் கரைக்கிறது; பின்னது நிறத்தை மட்டும் மங்கச் செய்கிறது. இரண்டுமே எரிச்சல் தரக்கூடியவை. முகத்துக்கென விற்பதை மட்டும் வாங்கி, முதல் நாள் காதுக்குப் பின்புறம் சிறிதளவு பூசிச் சோதியுங்கள்.

கஸ்தூரி மஞ்சளையும் குப்பைமேனியையும் பலர் நாள்தோறும் பூசுகின்றனர். தடித்து வளர்ந்துவிட்ட முடியை அவை நீக்குவதில்லை. அழுத்தித் தேய்ப்பதால் தோல் கறுத்துப்போனவர்களை நாங்கள் அடிக்கடி காண்கிறோம்.

மருத்துவமனையில்

லேசர்: முடியிலுள்ள மெலனின் நிறமி ஒளியை உள்வாங்கிச் சூடாகி, வேரைச் சிதைக்கிறது. அதே நிறமி நம் தோலிலும் உள்ளதால் தவறான கருவியோ மிகையான அளவோ தோலைச் சுட்டுவிடும். 1064 நானோமீட்டர் அலைநீளமுள்ள என்.டி.யாக் வகை கருந்தோலுக்குப் பாதுகாப்பு மிக்கது. குளிரூட்டும் வசதியுள்ள டையோடு வகையும் பயன்படுகிறது. 4 முதல் 6 வார இடைவெளியில் பொதுவாக 6 அமர்வுகளேனும் தேவைப்படும். முடி வெகுவாகக் குறையும். முற்றாக ஒழியும் என்று யாரும் உறுதி கூற இயலாது. ஹார்மோன் சீராகாவிடில் புதிய முடி முளைத்துக்கொண்டே இருக்கும். நரைமுடியில் லேசர் பயன்தராது. கன்னத்துப் பூனைமுடியில் செய்தால், சிலருக்கு அதுவே தடித்து வளர்வதும் உண்டு. லேசருக்கு முந்தைய 4 வாரங்களில் மழிக்கலாம், வேரோடு பிடுங்கலாகாது. கர்ப்பிணிகளுக்கு நாங்கள் லேசரைத் தள்ளிவைக்கிறோம்.

எலெக்ட்ரோலிசிஸ்: ஒவ்வொரு முடிவேரிலும் நுண்ணிய ஊசியைச் செலுத்தி மின்சாரத்தால் அழிப்பது. வலியும் நேரமும் மிகுதி. ஆனால் நரைமுடிக்கும், எண்ணிச் சொல்லக்கூடிய சில முடிகளுக்கும் நிலையான தீர்வு இதுவே.

மருந்துகள்: எஃப்லார்னிதின் கிரீம் வளர்ச்சியைத் தாமதப்படுத்தும், பலன் தெரிய ஏறத்தாழ 8 வாரங்களாகும், நிறுத்தினால் முடி திரும்பும். ஹார்மோன் மாத்திரைகளின் பலனை அறிய 6 மாதங்களேனும் காத்திருக்க வேண்டும். அவற்றுள் ஸ்பைரோனோலாக்டோன் கருவுக்குத் தீங்கு செய்யலாம். குழந்தைப்பேற்றை எதிர்நோக்குவோர் முன்னரே சொல்லிவிடுங்கள்.

எவருக்கு எது?

பூனைமுடி மட்டுமே உள்ளவர்க்கு மழித்தலோ திரெட்டிங்கோ போதும். முகவாயில் கருத்த, தடித்த முடியும் மாதவிடாய்க் கோளாறும் உள்ளவர்க்கு மருந்தும் லேசரும் சேர்ந்தே பயன்தரும். முதுமையில் தோன்றிய சில நரைமுடிகளுக்கு எலெக்ட்ரோலிசிஸ் ஏற்றது. திருமணத்துக்கு இரண்டு வாரமே இருக்கையில் முதன்முறையாக லேசர் செய்துகொள்வது அறிவுடைமையன்று. தோல் சிவந்தாலோ கறுத்தாலோ ஆறுவதற்கு அவகாசமிராது. எதுவும் செய்யாமல் அப்படியே விட்டுவிடுவதும் அவரவர் உரிமை.

எங்கே செய்துகொண்டாலும், பணம் கட்டுமுன் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். கருவி எவ்வகையைச் சேர்ந்தது? அதை இயக்குபவர் யார், மருத்துவர் உடனிருப்பாரா? முதலில் சிறிய இடத்தில் சோதித்துப் பார்ப்பார்களா? பிற்கால அமர்வுகளையும் சேர்த்து மொத்தச் செலவு எவ்வளவு? தெளிவான விடை கிடைக்காத இடத்தில் முன்பணம் செலுத்த வேண்டா.

குடும்பத்தாருக்கு

வீட்டிலுள்ளோர் விளையாட்டாகச் சொல்லும் "மீசை" என்ற ஒரு சொல், ஒரு பெண்ணைக் கல்லூரிக்கும் உறவினர் வீட்டு விசேஷத்துக்கும் போகவிடாமல் தடுத்திருப்பதை நாங்கள் அறிவோம். மகளின் முகத்தில் முடி கண்டால், "இதை எடுத்துவிடு" என்று தொடங்காதீர்கள், "மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா?" என்று தனிமையில் அன்போடு கேளுங்கள். அவள் விரும்பினால் உடன் அழைத்து வாருங்கள். மாதவிடாய்த் தேதிகளையும் உட்கொள்ளும் மருந்துகளின் பட்டியலையும் குறித்துக்கொண்டு வந்தால், முதல் நாளிலேயே சரியான வழியைத் தேர்ந்தெடுக்க எங்களுக்கு உதவியாயிருக்கும்.