சி டிரைவ் நிறைந்துவிட்டதா? இரண்டாவது ஹார்ட் டிஸ்க் பொருத்துங்கள்

வாங்கிய புதிதில் 256 ஜிபி தாராளமாகத் தெரியும். மொபைலில் எடுத்த போட்டோக்களையும் வீடியோக்களையும் ஏற்றத் தொடங்கினால் சி டிரைவைக் காட்டும் நீலக் கோடு சிவப்பாகிவிடும். இதற்காகக் கம்ப்யூட்டரையே மாற்ற வேண்டியதில்லை. இன்னொரு ஹார்ட் டிஸ்க் போதும்.

இரண்டு டிரைவ், ஒரே டிஸ்க்

சி, டி என இரண்டு டிரைவ்கள் தெரிவதால் தங்களிடம் ஏற்கனவே இரண்டு ஹார்ட் டிஸ்க்குகள் இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். பென் டிரைவ்களைக் கழற்றிவிட்டு, ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்து பாருங்கள். டிஸ்க் 0 மட்டும் இருந்தால் உங்களிடம் உள்ளது ஒரே டிஸ்க். டி என்பது அதே வீட்டில் சுவர் எழுப்பிப் பிரித்த இன்னொரு அறை. டிஸ்க் பழுதானால் இரண்டும் சேர்ந்தே போகும்.

பொருத்தும் முறை

டெஸ்க்டாப் என்றால் கம்ப்யூட்டரை நிறுத்தி, பவர் கேபிளைக் கழற்றுங்கள். கேபினட்டின் உலோகப் பகுதியைத் தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். உடலில் உள்ள நிலை மின்சாரம் பாகங்களைப் பாதிக்காமல் இருக்கவே இது. புதிய டிஸ்க்கிலிருந்து சாட்டா டேட்டா கேபிளை மதர்போர்டிலும், பவர் கேபிளை எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்தும் இணையுங்கள். லேப்டாப் வைத்திருப்பவர்கள் யுஎஸ்பி மூலம் இணைக்கும் டிஸ்க்கைப் பயன்படுத்தலாம்.

உள்ளே பொருத்திய புதிய டிஸ்க் உடனே டிரைவாகத் தெரியாது. டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்தால் இனிஷியலைஸ் செய்யச் சொல்லும். ஜிபிடி என்பதைத் தேர்ந்தெடுங்கள். பிறகு கறுப்புப் பட்டையுடன் தெரியும் காலி இடத்தில் ரைட் கிளிக் செய்து, நியூ சிம்பிள் வால்யூம் கட்டளையில் என்டிஎப்எஸ் முறையில் பார்மட் செய்யுங்கள். ஏற்கனவே பைல்கள் உள்ள பழைய டிஸ்க் என்றால் பார்மட் செய்யாதீர்கள், எல்லாம் அழிந்துவிடும்.

1 டெராபைட் டிஸ்க்கில் 931 ஜிபி மட்டுமே தெரிகிறதா? கடைக்காரர் ஏமாற்றவில்லை. தயாரிப்பாளர்கள் ஆயிரங்களில் கணக்கிடுகிறார்கள். விண்டோஸ் 1024-இல் கணக்கிடுகிறது.

எதை மாற்றலாம்?

டெஸ்க்டாப்பில் உள்ள பைல்களும் சி டிரைவில்தான் இருக்கின்றன. அவற்றை அதே டிரைவின் வேறு போல்டருக்கு மாற்றினால் ஒரு ஜிபி கூட மிச்சமாகாது.

பிக்சர்ஸ், வீடியோஸ் போல்டர்களை மாற்ற, புதிய டிரைவில் அதே பெயரில் போல்டர்களை உருவாக்குங்கள். பிக்சர்ஸ் மீது ரைட் கிளிக் செய்து பிராப்பர்டீஸ், லொகேஷன், மூவ் என்று சென்று புதிய போல்டரைக் காட்டுங்கள். டிரைவை மட்டும் காட்டாமல், அதிலுள்ள போல்டரைக் காட்டுவது முக்கியம். ஒன்டிரைவ் அந்த போல்டரை பேக்கப் எடுத்து வந்தால் முதலில் அதை நிறுத்துங்கள். யுஎஸ்பி டிஸ்க் என்றால் இந்த முறை வேண்டாம். அதைக் கழற்றியதும் பிக்சர்ஸ் போல்டர் திறக்காது. பைல்களை கட் செய்து அதில் பேஸ்ட் செய்தால் போதும்.

விண்டோஸ், புரோகிராம் பைல்ஸ் போல்டர்களைத் தொடாதீர்கள். புரோகிராம்களின் முகவரி ரெஜிஸ்ட்ரியில் பதிவாகி இருப்பதால், இடம் மாற்றினால் அவை இயங்காது.

இது பேக்கப் அல்ல

மாற்றி முடித்த பின் உங்கள் போட்டோக்கள் புதிய டிஸ்க்கில் மட்டுமே இருக்கும். அதுவும் ஒருநாள் பழுதாகக் கூடிய கருவிதான். புரோகிராம் போனால் மீண்டும் இன்ஸ்டால் செய்யலாம். குழந்தையின் முதல் பிறந்தநாளை மீண்டும் படமெடுக்க முடியாது. எனவே முக்கியமானவற்றை இன்னொரு யுஎஸ்பி டிஸ்க்கில் காப்பி செய்து, கழற்றி பீரோவில் வையுங்கள். இணைப்பிலேயே விட்டுவைத்தால் வைரஸோ மின்னழுத்தக் கோளாறோ அதையும் சேர்த்தே தாக்கலாம். மாதம் ஒருமுறை எடுத்து, புதிய பைல்களைச் சேர்த்துவிடுங்கள்.