பழைய வேட்டி உறிஞ்சுகிறது, புது டயப்பர் ஒழுகுகிறது!

கேள்வி: எங்கள் மகனுக்கு ஆறு மாதம். இதுவரை ஒருமுறை கட்டித் தூக்கிப் போடும் டயப்பர்தான். குப்பையும் செலவும் கண்ணை உறுத்தவே துணி டயப்பருக்கு மாறினோம். ஒன்று நானூற்றுச் சொச்சம் ரூபாய். மெத்தென்று இருக்கட்டும் என்று கண்டிஷனர் விட்டு ஒரு தடவை அலசித்தான் கட்டினேன். அரை மணி நேரத்தில் தொடைப் பக்கம் ஒழுகிவிட்டது. அம்மா சிரித்துக்கொண்டே அப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்து மடித்து உள்ளே வைத்தார். அது தாங்குகிறது! காசு கொடுத்து ஏமாந்தேனா?
– ஒரு தந்தை, ஈரோடு.

பதில்: ஏமாறவில்லை ஐயா. உங்கள் வீட்டில் அருமையான சோதனை ஒன்று நடந்திருக்கிறது. அதைப் புரிந்துகொண்டதில்தான் சிறு பிசகு.

இப்படி ஒழுகினால் பலரும் சொல்வது, “துணிக்கு அவ்வளவுதான் சக்தி” என்று. அப்படியென்றால் வேட்டி எப்படித் தாங்கியது? அதுவும் துணிதானே. கனம் போதாது என்பார்கள் சிலர். உங்கள் இன்செர்ட், அதாவது டயப்பருக்குள் செருகும் உறிஞ்சுபட்டை, நாலைந்து அடுக்கு கனம் இருக்கும். வேட்டியோ வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்கம் தெரிகிற அளவுக்கு நைந்தது. ஆகவே கனமும் காரணமில்லை. இழையின் மேல் என்ன படிந்திருக்கிறது என்பதுதான் காரணம்.

ஈரோட்டுக்காரருக்குக் காடாத் துணியைப் பற்றிச் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற வேலை. இருந்தாலும் சொல்கிறேன். தறியிலிருந்து இறங்கிய, வெளுக்காத காடாவின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். முத்துப்போல் உருண்டு நிற்கும். பருத்தி இழையின் மேல்தோலில் இயற்கையாகவே மெழுகு இருக்கிறது. எடையில் நூற்றில் ஒரு பங்குகூடத் தேறாது. ஆனால் தண்ணீரை வாசலிலேயே நிறுத்திவிட அது போதும். செடியிலிருந்து பறித்த பஞ்சு தண்ணீரில் மிதப்பதும், மருந்துக்கடைப் பஞ்சு போட்டவுடன் மூழ்குவதும் இந்த மெழுகு இருப்பதாலும் இல்லாததாலும்தான். ஆலையில் காஸ்டிக் சோடா கரைசலில் வேகவைத்து இதை எடுக்கிறார்கள். ஊர்ப்புறத்தில் வெள்ளாவி வைத்ததும் இதே வேலைதான்: உவர்மண் கரைத்த தண்ணீரில் துணியை முக்கி, அடுக்கி, ஆவியில் வேகவிடுவார்கள். உவர்மண்ணில் உள்ள காரமும் சூடும் சேர்ந்தால் மெழுகு கழன்றுவிடும். உங்கள் அப்பாவின் வேட்டி வெள்ளாவி கண்டதோ இல்லையோ, சோப்பையும் துவைகல்லையும் வருஷக்கணக்கில் கண்டிருக்கிறது. கைக்குழந்தைக்குப் பழந்துணிதான் ஏற்றது என்று பெரியவர்கள் சொல்வதற்கு மென்மையை மட்டும் காரணமாக நினைக்கிறோம். ஈரத்தை வாங்கிக்கொள்ளும் குணமும் அதில் சேர்ந்தே வருகிறது.

கடையில் வாங்கும் இன்செர்ட் முழுக் காடா இல்லைதான். ஆனால் வெளுக்காத பருத்தி என்றால் மெழுகு மிச்சமிருக்கும். மூங்கில் துணி என்று விற்பதில் இந்த மெழுகு கிடையாது. தொட்டால் வழுக்கவேண்டும் என்று தொழிற்சாலையில் போட்ட பூச்சு இருக்கலாம். எதுவானாலும் நாலைந்து சலவை கண்ட பிறகுதான் அது முழுச் சக்திக்கு வரும். ஒரு முறை அலசியது போதாது.

அந்த ஒரு அலசலிலும் கண்டிஷனர் விட்டீர்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை! கண்டிஷனர் அழுக்கை எடுப்பதில்லை. கொழுப்புத்தன்மை உள்ள ஒரு பொருளை இழைமேல் படியவைக்கிறது. அந்த வழவழப்பைத்தான் நம் விரல் மென்மை என்று எடுத்துக்கொள்கிறது. கழற்ற வேண்டிய மெழுகுக்கு மேலேயே இன்னொரு பூச்சு பூசியிருக்கிறீர்கள். குழந்தைத் துணிக்கு டிடர்ஜென்ட் ஆகாது என்று சாதாரண சோப்பில் துவைப்பதிலும் இதே வம்பு உண்டு. உங்கள் வீட்டில் போர் தண்ணீராக இருந்தால், அதிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத படிவாகிவிடும். வாளி ஓரத்தில் ஒட்டுகிற சாம்பல்நிறப் பிசுக்கு அதுதான். துணியிலும் அது ஒட்டும். எண்ணெய் தேய்த்த கையோடு டயப்பர் கட்டுவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தேங்காய் எண்ணெய் தோலுக்கு நல்லது, இன்செர்ட்டுக்கு இல்லை.

இனிச் செய்யவேண்டியது அதிகமில்லை. இன்செர்ட்டுகளை மட்டும் தனியாக எடுத்து, சூடான தண்ணீரில் வழக்கமான அளவு டிடர்ஜென்ட் போட்டுத் துவைத்து, நுரை போகும்வரை அலசி, வெயிலில் உலர்த்துங்கள். நாலைந்து தடவை. தூளை இரண்டு பங்காக அள்ளிப் போட்டால் சீக்கிரம் முடியும் என்று நினைக்க வேண்டாம். அலசலில் போகாத தூளும் படிவுதான். பிறகு ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். உருளாமல் உடனே இறங்கினால் இன்செர்ட் தயார். வெளிக்கவரை மட்டும் கொதிநீரில் போட்டுவிடாதீர்கள். அதன் உள்பக்கம் ஒட்டியுள்ள தண்ணீர் புகாத பிளாஸ்டிக் படலம் பிரிந்துவிடும்.

இவ்வளவும் செய்த பின்னும் துணி டயப்பர் தூக்கிப் போடும் டயப்பரைப்போல் இரவெல்லாம் தாங்காது. ஏனென்றால் இரண்டும் ஈரத்தைப் பிடிக்கும் விதமே வேறு. தூக்கிப் போடும் டயப்பருக்குள் சோடியம் பாலிஅக்ரிலேட் என்ற பொடி இருக்கிறது; ஈரம் பட்டதும் ஊதி ஜெல்லாகும் பொருள் அது. சுத்தமான தண்ணீரை அது தன் எடையைப்போல் நூறு மடங்குக்கும் மேல் இழுக்கும். சிறுநீரில் உப்பு இருப்பதால் சில பத்து மடங்கோடு நின்றுவிடும். அதுவே ஏராளம். இழுத்ததை, குழந்தை மேலே உட்கார்ந்தாலும் எளிதில் விடாது. துணியோ இழைகளுக்கு இடையிலுள்ள நுண்ணிய சந்துகளில்தான் ஈரத்தை வைத்திருக்கிறது. அழுத்தினால் வெளியே வரும். ஆறு மாதத்தில் குப்புற விழுந்து, உட்காரப் பழகி, எந்நேரமும் எங்காவது அழுத்திக்கொண்டிருக்கிற பிள்ளைக்கு அது சோதனைதான். பாலியஸ்டரில் செய்த மைக்ரோஃபைபர் இன்செர்ட் வேகமாக உறிஞ்சும், அதே வேகத்தில் பிழிந்தும் விடும். உங்களுடையது அந்த ரகம் என்றால் அதன் அடியில் ஒரு பருத்தி அடுக்கு வையுங்கள்.   

ஆறு மாதக் குழந்தை அடிக்கடி சிறுநீர் கழிக்கும். ஆகவே பகலில் இரண்டு மணி நேரத்துக்கொருமுறை மாற்றிவிடுங்கள். அதற்குள்ளும் ஒழுகினால் தொடையில் இலாஸ்டிக் இடைவெளி விடுகிறதா, இன்செர்ட்டின் நுனி கவருக்கு வெளியே எட்டிப்பார்க்கிறதா என்று பாருங்கள். விளக்குத்திரி எண்ணெயை ஏற்றுவதுபோல் அந்த நுனி வழியே ஈரம் சட்டைக்கு ஏறிவிடும்.

இரவுக்கு இரண்டு இன்செர்ட் வையுங்கள், இல்லையென்றால் தூக்கிப் போடும் டயப்பரே இருக்கட்டும். பயணத்துக்கும் வயிற்றுப்போக்கு நாட்களுக்கும் அப்படித்தான். மாறிய புதிதில் ஈரம் தோலில் படுவதால் லேசாகச் சிவக்கலாம், அடிக்கடி மாற்றினால் அடங்கும். இரண்டு மூன்று நாளிலும் அடங்காமல் தொடை இடுக்கில் புள்ளிபுள்ளியாகப் பரவினால் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். எந்த டயப்பரை மாற்றியும் அது போகாது. குழந்தை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.