தெரிந்த முகமும் நம்மைத் தெரிந்தவரும்



நமக்காகப் பேச ஒருவரைத் தெரிவு செய்யும்போது நாம் எதைப் பார்க்கிறோம்? அவர் செய்த வேலையையா, எங்கும் கண்டு பழகிய அவரது முகத்தையா? சொந்த வயலில் இருப்பவர் இதில் பிழைவிட்டால் அடுத்த தேர்தல்வரை பொறுத்துக்கொள்ளலாம். காணியை விட்டு இடம்பெயர்ந்து, அனுமதிப்பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு கந்தோர் கந்தோராக அலையும் குடும்பத்துக்கு அது ஒரு தலைமுறையின் நட்டமாகிவிடும். ஆகவே, புகழ் எப்படி உண்டாகிறது என்பதை இம்முறை பாடமாக எடுத்துக்கொள்வோம்.

இரு வகை நாயகர்கள்

லியோ லோவெந்தால் என்ற சமூகவியலாளர் 1944 இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். அமெரிக்கச் சஞ்சிகைகளில் 1901 முதல் 1941 வரையான காலத்தில் வந்த வாழ்க்கை வரலாறுகளை அவர் ஆராய்ந்தார். தொடக்க காலத்தில் தொழில் நடத்தியவர்களும் அரசியலில் உழைத்தவர்களும் அவற்றில் அதிகம் இடம்பெற்றனர். பின்னர் சினிமா நடிகர்களும் விளையாட்டு வீரர்களும் அந்த இடத்தைப் பிடித்தனர். முந்தியவர்களை 'உற்பத்தியின் நாயகர்' என்றும் பிந்தியவர்களை 'நுகர்வின் நாயகர்' என்றும் அவர் பிரித்தார்.

நாம் நெல்லை விளைவிக்கும் மக்கள். ஆனால் நம் கண்டத்துக்குத் தண்ணீர் சரியாகப் பங்கிடும் வட்டவிதானையின் பெயர் அடுத்த ஊரில் தெரியாது. கடல் கடந்த நடிகரின் பிறந்தநாள் நம் பிள்ளைகளுக்குத் தெரியும்.

இதற்குக் காரணம் உண்டு. 1956 இல் ஹோர்டன், வோல் என்ற இரு ஆய்வாளர்கள் வானொலி, தொலைக்காட்சி நேயர்களைப் பற்றி எழுதினார்கள். திரும்பத் திரும்பக் கண்டும் கேட்டும் வரும் ஒருவரை மக்கள் தம் உறவினரைப் போலவே எண்ணத் தொடங்குகிறார்கள் என்றார்கள். ஆனால் இது ஒருவழி உறவு. நாம் அவரை அறிவோம். அவர் நம்மை அறியார். நம் வீட்டுத் துன்பத்துக்கு அவர் பதில் சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை. இன்று அந்த முகம் கைத்தொலைபேசியில் வந்து நம் உள்ளங்கையிலேயே இருக்கிறது.

எம்.ஜி.ஆர். கற்றுத்தரும் பாடம்

எம்.ஜி. இராமச்சந்திரன் 1917 இல் நம் நாட்டு நாவலப்பிட்டியில் பிறந்தவர். வறுமையில் வளர்ந்து, நாடகக் கம்பனியில் சிறுவனாகச் சேர்ந்து முன்னேறினார். 'படகோட்டி' (1964), 'விவசாயி' (1967), 'ரிக்சாக்காரன்' (1971) என்று ஏழைத் தொழிலாளியாகவே திரையில் தோன்றினார். திரையில் குடிக்காத, புகைக்காத, எளியவரைக் காக்கும் மனிதர் அவர். ஊருக்கு ஊர் இரசிகர் மன்றங்கள் தோன்றின. 1972 இல் அவர் தனிக் கட்சி தொடங்கியபோது அம்மன்றங்களே அதற்கு அடித்தளமாயின. 1977 இல் முதலமைச்சரானார். 1984 இறுதியில் அமெரிக்க வைத்தியசாலையில் படுத்திருந்தபடியே, தொகுதிக்குப் போகாமல், ஆண்டிபட்டியில் வென்றார். ஆள் வரவேண்டிய அவசியம் இருக்கவில்லை, உருவமே போதுமாயிருந்தது.

அவர் ஆட்சியை நியாயமாக எடைபோட வேண்டும். 1982 இல் அவர் விரிவாக்கிய சத்துணவுத் திட்டம் இலட்சக்கணக்கான ஏழைப் பிள்ளைகளின் பசியைத் தீர்த்தது. மறுபக்கத்தில், திரையில் குடிக்காத அவரது ஆட்சியில்தான் 1981 இல் சாராயக் கடைகள் மீண்டும் திறக்கப்பட்டு, ஏழையின் கூலி அரச வருமானமாகியது. 'விவசாயி'யாக நடித்தவரின் ஆட்சியிலேயே, போராடிய விவசாயிகள் மீது பொலிஸார் துப்பாக்கிச் சூடு நடத்தினர். ஆயினும் பலர் திரையில் கண்ட மனிதரையே தொடர்ந்து நம்பினர். 1987 டிசம்பர் 24 இல் அவர் இறந்தபோது சிலர் தம் உயிரையே மாய்த்துக்கொண்டார்கள். ஒருவழி உறவு எவ்வளவு ஆழமாக வேர்விடும் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

நமது கரையோரத்தில்

நம் பகுதிக்கு வருவோம். சம்மாந்துறையில் 1948 இல் பிறந்து, கல்முனையில் வாழ்ந்த சட்டத்தரணி எம்.எச்.எம். அஷ்ரப் அவர்களின் புகழ் திரையில் பிறந்ததன்று. சொந்தக் குரலற்றிருந்த கிழக்கு முஸ்லிம்களை 1980 களில் அவர் ஒரு கட்சியாகத் திரட்டினார். ஒலுவிலில் எழுந்த தென்கிழக்குப் பல்கலைக்கழகம் அவர் உழைப்பின் சாட்சி. 2000 செப்டெம்பர் 16 இல் ஹெலிகொப்டர் விபத்தில் அவர் இறந்தார். பின்பு வந்த தேர்தல்களில் ஒன்றையொன்று எதிர்த்த அணிகளும் அவரது படத்தையே உயர்த்திப் பிடித்தன. உழைத்துத் தேடிய புகழும், உழைத்தவர் மறைந்தபின், எவரும் எடுத்து அணியக்கூடிய சட்டையாகிவிடுகிறது.

ஒலுவில் பக்கத்தில் அவர் பெயரால் அஷ்ரப் நகர் என்ற கிராமம் உண்டு. 2011 இல் அங்கே இராணுவ முகாமுக்காக விவசாயிகளின் காணிகள் எடுக்கப்பட்டன. தலைவரின் பெயர் அந்தக் காணிகளுக்கு வேலியாகவில்லை. அந்நிலையில் விவசாயிக்குக் கைகொடுக்கக் கூடியவை அனுமதிப்பத்திரம், பயிர்ச்செய்கைப் பதிவு, அயலவரின் சாட்சி, ஒன்றுபட்ட அமைப்பு ஆகியவையே.

நம் சமயங்களும் இதை அறிந்தே இருந்தன. அப்பம் உண்ட மக்கள் தம்மை அரசராக்க முயன்றபோது இயேசு விலகி மலைக்குச் சென்றார். வெற்றியை மக்கள் ஒரு மனிதரின் பெயரில் ஏற்றிவிடக் கூடாதென்றே கலீபா உமர் அவர்கள், புகழின் உச்சியில் இருந்த தளபதி காலித் பின் வலீத் அவர்களைப் பதவியிலிருந்து விலக்கினார் என்று இஸ்லாமிய வரலாறு கூறுகிறது.

புகழ் பெற்றவரை வெறுக்க வேண்டியதில்லை. அவர் குரல் நம் குறையைக் கொழும்புவரை கொண்டுபோகுமானால் பயன்படுத்துவோம். ஆனால் நம் காணிக் கோவையை அவர் முகத்தை நம்பி ஒப்படைக்க வேண்டாம். பிரதிகளை நாம் வைத்திருப்போம்; திகதிகளை நாம் எழுதுவோம்; கூட்டத்துக்கு நாமே போவோம்.

கமக்காரர் அமைப்பிலும் மாதர் சங்கத்திலும் கலந்துரையாட:

1. நாம் மதிக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவர் செய்த எந்த வேலையை நாம் நேரில் கண்டோம்?

2. நம் குடும்பத்தின் பெயரோ காணியின் பெயரோ அவருக்குத் தெரியுமா? பிழைவிட்டால் அவரை எங்கே போய்க் கேட்கலாம்?

3. நம் ஊரில் பெயர் வெளியே தெரியாமல் உழைப்பவர் மூவர் யார்? அடுத்த கூட்டத்தில் அவர்களில் ஒருவரைப் பேச அழைப்போமா?