உன் பேச்சை ஊர் நம்ப வேண்டும்

அன்புள்ள பாப்பாவுக்கு,

பெரியப்பா எழுதுவது. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சித்தப்பா அனுப்பிய செய்தியைப் பொய் என்று நீ எழுதியதையும், அவர் கோபித்துக்கொண்டு குழுவை விட்டு விலகியதையும் பார்த்தேன். நீ சொன்னது சரி. சொன்ன விதம் பற்றித்தான் இந்தக் கடிதம்.

இப்படி ஒரு செய்தி முன்பும் பரவியது. 2020 அக்டோபரில் பெரம்பலூர்ப் பக்கத்துக் குன்னத்தில் குளத்து மண்ணை வெட்டியபோது உருண்டை உருண்டையாகக் கற்கள் கிடைத்தன. டைனோசர் முட்டை என்று படத்தோடு செய்தி பறந்தது. புவியியல் அறிந்தவர்கள் நேரில் வந்து பார்த்து, அவை முட்டை அல்ல, அம்மோனைட் என்ற கடலுயிரியோடு தொடர்புடைய கல் உருண்டைகள் என்றார்கள். கடலடிச் சேற்றில் புதைந்த ஓடு ஒன்றையோ வேறு துணுக்கையோ சுற்றிச் சுண்ணாம்பும் பிற தாதுக்களும் படிந்து படிந்து இறுகினால் இப்படி உருண்டு திரளும். சில உருண்டைகளை உடைத்தால், நடுவே கடாக்கொம்பு போலச் சுருண்ட ஓட்டின் வரிகள் தெரியும்.

முட்டை என்று நம்பியவர்களை ஏளனம் செய்ய எனக்கு மனம் வரவில்லை. பெரம்பலூரும் அரியலூரும் பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடல் புகுந்த நிலம். 1860-களிலேயே பிளான்ஃபோர்டு, ஸ்டோலிச்கா என்ற புவியியலாளர்கள் இதன் பாறைகளையும் படிமங்களையும் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்கு மரமே கல்லாகிக் கிடக்கிறது, அதைப் புவியியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் 1940-இல் உலகுக்குச் சொன்னார். 2009-இல் செந்துறைப் பக்கம் டைனோசர் முட்டைகளைக் கண்டதாகச் சேலம் பெரியார் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். இத்தனையும் கேட்டு வளர்ந்தவர் குன்னத்துப் படத்தை நம்பியதில் வியப்பில்லை. ஆகவே ஒருவரைத் திருத்தப் போகும்போது, அவர் ஏன் நம்பினார் என்பதை முதலில் விசாரி. அதை விசாரிக்காமல் நீ எடுத்துவைக்கும் சான்று அவர் காதில் ஏறாது.

இன்னொன்று. கண்டகி ஆற்றிலிருந்து வரும் சாளக்கிராமங்களில் பலவும் அம்மோனைட் படிமங்களே. அதைப் பூஜையில் வைத்துத் துளசி சாத்துகிறவரிடம் போய், இது வெறும் கடல் ஓடு என்று வாதாடாதே. கல் எப்படி உருவானது என்பது அறிவியல். அதை வணங்குவது அவர் பக்தி. ஆனால் அந்தக் கல்லைக் கழுவிய நீர் நோயைத் தீர்க்கும், மாத்திரை வேண்டாம் என்று யாராவது செய்தி பரப்பினால் சும்மா இருக்காதே. பிறர் உடம்புக்கும் உயிருக்கும் கேடு வருமிடத்தில் மரியாதையோடு மறுத்துப் பேசு.

பேசும் விதத்தை இவ்வளவு வலியுறுத்தக் காரணம் உண்டு. அந்தப் பழைய கடல் விட்டுப்போன சுண்ணாம்புக்கல்லை நம்பித்தான் அரியலூரில் இத்தனை சிமெண்ட் ஆலைகள். சுரங்கத்துக்குச் சுற்றுச்சூழல் அனுமதி கேட்கும்போது பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் போடுகிறார்கள். நாளை நம் பக்கம் அப்படியொரு கூட்டம் நடந்தால், கிணற்று நீர் இறங்கியது, லாரிப் புழுதி பயிரில் படிந்தது என்று நீ எழுந்து பேச வேண்டியிருக்கும். அன்றைக்கு, "கையில் கிடைத்ததையெல்லாம் அனுப்புகிற பெண்" என்று பெயர் எடுத்திருந்தால், நீ சொல்லும் உண்மையும் எடுபடாது. "எல்லாரையும் மட்டம் தட்டுகிறவள்" என்று பெயர் எடுத்திருந்தால், உன் பக்கத்தில் நிற்க ஆள் இருக்காது. பார்க்காததைப் பார்த்தேன் என்று சொல்லாதே. தெரியாததைத் தெரியாது என்று சொல்லக் கூச்சப்படாதே. பொதுவாழ்வில் இதைவிடப் பெரிய பலம் இல்லை.

இன்றைக்கே சித்தப்பாவுக்குப் போன் செய். குழுவில் எல்லார் முன்னாலும் அப்படி எழுதியதற்கு வருத்தம் சொல். செய்தி பொய் என்பதை மட்டும் விட்டுக்கொடுக்காதே. விடுமுறைக்கு வரும்போது வாரணவாசிப் புதைபடிவ அருங்காட்சியகத்துக்கு அவரையும் கூட்டிக்கொண்டு போ.

ஆசிகளுடன்,
பெரியப்பா