காளான் வளர்ப்பு: முதல் எப்போது திரும்பும்?

காளான் வளர்ப்பைப் பக்கத் தொழிலாகச் செய்ய விரும்பும் வணிகர்கள், போட்ட முதல் எப்போது கைக்கு வரும் என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

ஜப்பானில் ஷிடாகே காளானை ஓக் மரக்கட்டையில் வளர்க்கிறார்கள். சுமார் 1 மீட்டர் நீளமுள்ள கட்டையில் துளையிட்டு, காளான் வித்தை அடைத்து, மெழுகு பூசி நிழலில் அடுக்குகிறார்கள். காளான் முளைக்க 6 மாதம் முதல் ஒன்றரை ஆண்டு வரை ஆகும். பிறகு அதே கட்டை சில ஆண்டுகள் பலன் தரும். ஆனால், குளிர்ச்சியான தட்பவெப்பம் வேண்டும். அதுவரை முதலும் முடங்கும்.

நம் சமவெளிக்கு, வைக்கோலில் வளரும் சிப்பிக் காளானே ஏற்றது. வைக்கோலை ஊறவைத்து, வேகவைத்து, நீர் வடித்து, பாலிதீன் பையில் வித்துடன் அடுக்கினால் சுமார் 25 நாளில் முதல் அறுவடை. கடும் கோடையில் பால் காளான் போடலாம்.

சரக்கு சீக்கிரம் வரும். சீக்கிரம் கெடவும் செய்யும். காளானில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். குளிர்ப்பெட்டியிலும் சில நாள்தான் தாங்கும். மீந்ததை அன்றே உலர்த்தினால் நஷ்டம் குறையும். ஆனால் 10 கிலோ காய்ந்து சுமார் 1 கிலோவாகும். அந்த எடைக் குறைவையும் கணக்கிட்டே விலை வைக்க வேண்டும்.

ஆகவே, வாங்குவோரை முதலில் தேடுவோம். பத்துப் பையில் தொடங்கி, விற்பனையைப் பார்த்துப் பெருக்குவோம்.