'நல்' சோதனை எங்கே வேண்டும்?

டைப்ஸ்கிரிப்டில் எழுதுகிறோம். 'நல்' வராது என்று டைப்பிலேயே சொல்லியாயிற்று. பிறகும் ஃபங்ஷனுக்குள் 'நல்' செக் போடச் சொல்கிறார் சீனியர். தேவையா?

எல்லா ஃபங்ஷனிலும் தேவையில்லை. டேட்டா நுழையும் வாசலில் கட்டாயம் வேண்டும். கம்பைல் ஆனதும் டைப்கள் மறைந்துவிடும். ஓடுவது வெறும் ஜாவாஸ்கிரிப்ட். சர்வர் அனுப்பும் ஜேசனை 'ஆஸ் யூசர்' என்று எழுதினால், கம்பைலர் உங்கள் பேச்சை அப்படியே நம்பும், உள்ளே பார்க்காது. மின்னஞ்சல் 'நல்' ஆக வந்திருந்தால், எங்கோ நாலு ஃபைல் தள்ளி 'டுலோயர்கேஸ்' வரியில்தான் வெடிக்கும். காரணத்தைத் தேடியே அலுத்துப்போவீர்கள். அதனால் வந்த இடத்திலேயே சோதித்து, எந்த ஃபீல்டு காலி என்று பெயர் சொல்லி எர்ரர் கொடுங்கள். உள்ளே கம்பைலரை நம்பலாம், 2016-ல் 2.0 பதிப்போடு வந்த 'ஸ்ட்ரிக்ட்நல்செக்ஸ்' ஆன் ஆகியிருந்தால். முதலில் டிஎஸ்கான்ஃபிக்கைத் திறந்து அதைப் பாருங்கள்.